சும்மாவுக்குக் கட்டம் இல்லை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரிலிருந்து வாசலில் வண்டிக்கு இடம் காட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ரிஜிஸ்டர் அக்காதான். இரண்டாம் மாடியில் லிஃப்டுக்கு எதிரே ஒரு மேஜை, அதன்மேல் நீளவாக்கில் மூன்று ரிஜிஸ்டர்கள். வந்தவர்களுக்கு ஒன்று, போனவர்களுக்கு ஒன்று, வேறு வார்டுக்கு மாறியவர்களுக்கு ஒன்று. இருபத்து நாலு வருஷமாக அந்த வார்டில் படுக்க வந்த ஒவ்வொரு உடம்பும் அவள் பேனா முனையைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறது. கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த பிறகும், "எதுக்கும் அக்கா ரிஜிஸ்டர்ல ஒரு தடவை பாத்துடுங்க" என்று சொல்வதை டாக்டர்கள் விடவில்லை.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அடித்தல் திருத்தல் கிடையாது. ஒருமுறை தாமதமாக வந்த டாக்டர் ஒருவர், அரை மணி நேரம் முன்னால் வந்ததாகப் போடச் சொன்னார். இவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க வந்த நேரம்தான் டாக்டர் இதுல ஏறும்" என்றாள். ஆறு மாசம் அவர் இவளோடு பேசவில்லை. இவளும் கவலைப்படவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறவளுக்கு யாரும் எதுவும் செய்துவிட முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள். பாவம்.

அதே வார்டில் ஆயாவாக இருந்தவள் அவளுடைய நாத்தனார், கணவருடைய தங்கை. ஆள் நல்ல உயரம் என்பதால் வார்டில் அவள் பெயர் நெட்டை ஆயா. பதினோரு வருஷத்துக்கு முன்னால், கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனதும், ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாலு மாசம் அங்கே இருந்தாள். அண்ணன் முகம் சுளித்ததில்லை, அண்ணியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் முறை குழம்பு ஊற்றப் போனால் தட்டை இழுத்துக்கொள்வாள். சமையலறையில் இருக்கிற வேலை எல்லாவற்றையும் விடிவதற்குள் முடித்துவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருப்பாள். ஒரு நாள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்க அண்ணி. அண்ணன் சோறு தொண்டையிலயே நிக்குது" என்றாள்.

அண்ணி அவரைப் பார்த்து இவரைப் பார்த்து வேலை வாங்கிக் கொடுத்தாள். முதல் மாசம் முடிந்ததுமே நாத்தனார் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துப் போய்விட்டாள். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, கதவுக்குச் சொந்தமாக ஒரு பூட்டு. அதற்கப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்கு வருவாள், வெறுங்கையோடு வரமாட்டாள், வயிறாரச் சாப்பிடுவாள், அண்ணியும் இவளுமாக அண்ணனைக் கிண்டல் பண்ணியே பொழுதைக் கழிப்பார்கள். அண்ணி நாத்தனார் என்றாலே உலகம் வேறு ஒன்றைச் சொல்லும். இவர்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு இருந்ததற்குக் காரணம், சாயங்காலம் ஆனால் அவரவர் வீட்டுக்கு அவரவர் போனதுதான். அந்த வேலை போனால் அந்த அறை போகும். அறை போனால் மறுபடியும் அண்ணன் தட்டு. இது அண்ணிக்கும் தெரியும்.

இப்படி இருக்கையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது நிர்வாக அதிகாரி வந்தார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? நோயாளிகள் பெருகிவிட்டார்கள், வேலை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி ஓர் ஆலோசனை நிறுவனத்தைக் கூட்டி வந்தார். நோய் கண்டுபிடிக்கிற இடத்துக்கே நோய் கண்டுபிடிக்க ஆள் வந்தார்கள்.

மேல் மாடி ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துப் படம் காட்டினார்கள். திரையில் ஒரு பிரமிடு, அதைச் சுற்றி அம்புக்குறிகள். மதிப்புக் கூட்டும் நேரம் என்றார்கள், மதிப்புக் கூட்டாத நேரம் என்றார்கள், மாற்றத்தை மனதார அணைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பின்வரிசையில் ஆயாக்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரேடியோ ஆயா என்று பெயர், வாய் மூடாது. "இதுல நாம எங்கடி இருக்கோம்?" என்று அவள் கேட்டாள். நாத்தனார் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தக் கீழ் மூலையில ஒரு அம்பு வெளிய போகுது பாரு, அதுதான் நாம" என்றாள். அந்த வரிசையே குலுங்கியது. அப்போது அது வேடிக்கைதான்.

வந்த குழுவில் ஒரு வாலிபன் மட்டும் இரண்டாம் மாடிக்கு என்று விடப்பட்டான். முப்பது வயதுகூட இருக்காது. மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் தொங்குகிற அட்டை, கையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். இவர்கள் பேசுகிற அதே தமிழ்தான் பேசினான். ரிஜிஸ்டர் அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டாம் நாளே அவள் சாப்பாட்டு டப்பாவில் பங்கு கேட்டான். "எங்க சித்தி கையால சாப்பிட்ட மாதிரி இருக்கு அக்கா" என்றான். "நீங்க சிரிக்கிறதும் அவங்க மாதிரியே இருக்கு." அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்? மறுநாளிலிருந்து டப்பாவில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக்கொண்டு வந்தாள்.

அவன் கொண்டு வந்தது ஒரு தாள். நாள் முழுவதையும் பதினைந்து பதினைந்து நிமிடமாக வெட்டிக் கட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும், இரண்டு வாரத்துக்கு. முதல் நாளே ஆயாக்கள் அவனுக்குப் பதினஞ்சு நிமிஷம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தார்களே தவிரத் தாளை யாரும் தொடவில்லை. கை ஈரம், கண்ணாடி கொண்டு வரவில்லை, எழுத்து மறந்து போச்சு என்று ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். உண்மையில் பயந்தார்கள். எழுதியது எங்கே போய் எப்படித் திரும்பி வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. படிக்காதவர்களுக்கு இருந்த அந்த முன்னெச்சரிக்கை, படித்த அக்காவுக்கு இல்லாமல் போயிற்று.

பதினஞ்சு நிமிஷம் அக்காவிடம் வந்து உட்கார்ந்தான். "உங்களை நம்புறாங்க அக்கா. நீங்க கேட்டா சொல்லுவாங்க. இவங்க படுற பாடு மேல இருக்கறவங்களுக்குத் தெரியவே இல்ல. தெரிஞ்சாத்தானே இன்னும் நாலு ஆளைப் போடுவாங்க?" என்றான். மறுநாள் நிர்வாக அதிகாரி கூப்பிட்டு, அவள் சேலையில் ஒரு வில்லையைக் குத்தச் சொன்னார். மாற்றத் தூதர் என்று அதில் எழுதியிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தூதரா? எந்த நாட்டுக்கு அனுப்பறாங்க? துணிமணி எடுத்து வைக்கணுமா?" என்று கேட்டார். அவள் பிடுங்கிக்கொண்டாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இருபத்து நாலு வருஷத்தில் யாரும் அவளைக் கூப்பிட்டு எதையும் குத்தியதில்லை. தலை கொஞ்சம் கனத்துப் போனது என்றே சொல்லலாம்.

தாள்களை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வார்டு முழுவதையும் சுற்றுவாள். பகல் ஷிஃப்டில் பதினோரு ஆயாக்கள். ஒவ்வொருத்தியிடமும் போய், "போன ஒரு மணி நேரமா என்னம்மா பண்ணின?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். அவளுக்கு வேறு மாதிரி எழுதவும் வராது.

ரேடியோ ஆயா சரமாரியாகச் சொல்லுவாள். "தொடச்சேன், தூக்கினேன், கொட்டினேன், கழுவினேன், மறுபடியும் தொடச்சேன். மூச்சு விட்டேன், அதையும் எழுதுக்கா." நாத்தனார் அப்படிப்பட்டவள் அல்ல. தான் செய்ததைத் தானே சொல்லிக்கொள்வது அவளுக்கு அரிக்கிற மாதிரி இருக்கும். எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வந்து விழுகிற சொல் சும்மா. சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வந்தேன் என்பாள். கடைசிப் படுக்கைக்காரருடைய கட்டிலில் தொங்குகிற சிறுநீர்ப் பை நிரம்பியதைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்திருப்பாள். சும்மா அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டிருந்தேன் என்பாள். அந்தப் பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் ஆபரேஷன், பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்திருப்பாள். தமிழ் பேசுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாம் வீட்டுக்குள் நுழைகிறபோது சும்மாதான் வந்தேன் என்போம், மனசு முழுக்க ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு. ஒரு மணி நேரம் முதுகொடிய நின்று சமைத்தவளைக் கேளுங்கள், சும்மா ரெண்டு வகை பண்ணினேன் என்பாள்.

ஒரு நாள் மதியம் மூன்று மணி. ஏழாம் படுக்கையில் கடிகாரக் கடைக்காரர் ஒருவர், வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். மயக்க மருந்து இன்னும் முழுதாக இறங்காமல், மனிதர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து எழுந்து விழுகிறார். கையில் ஏற்றியிருந்த ஊசியை அதற்குள் இரண்டு முறை பிடுங்கியாயிற்று. நாத்தனார் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவருடைய மணிக்கட்டைத் தன் கைக்குள் வைத்திருந்தாள். "பஸ் இன்னும் வரல. வந்தா நான் எழுப்பறேன், நீங்க தலை சாய்ங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கேட்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இவள் அதையே சொல்ல. அக்கா கட்டில் ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுத?" என்று கேட்டாள்.

"ரெண்டுலேர்ந்து சும்மா உக்காந்திருக்கேன் அண்ணி. அப்படியே போட்டுடுங்க."

"கையப் பிடிச்சுட்டு இருக்கியே."

"அதைப் போய் ஒரு வேலைன்னு எழுதுவாங்களா? யாராவது படிச்சா சிரிக்கப் போறாங்க. சும்மான்னே போடுங்க."

அக்கா நாலு கட்டத்திலும் எழுதினாள். சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். முத்து முத்தான கையெழுத்து.

எழுதிவிட்டு வந்த பிறகு அவளுக்கு ஒரு சின்ன உறுத்தல் வந்தது உண்மை. பதினஞ்சு நிமிஷத்திடம் கேட்டாள். "தம்பி, சும்மான்னு நிறைய வருது. அது என்னன்னு பக்கத்துல விவரம் போடட்டுமா?"

அவன் தாள்களைப் புரட்டிப் பார்த்தான். சிரித்தான். "வேண்டாம் அக்கா. அவங்க வாய்ல வந்த வார்த்தையிலயே இருக்கட்டும். அதுதான் அழகு. எனக்குப் புரியாதா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

நான் பாத்துக்கறேன். எத்தனை பேரை அந்த ஒரு வார்த்தை கவிழ்த்திருக்கிறது. அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று டப்பாவில் இருந்ததில் பெரிய பங்கை அவன் பக்கம் தள்ளினாள்.

ஒன்றரை மாசம் கழித்து மறுபடியும் மேல் மாடி ஹால். திரையில் ஒரு பெரிய வட்டம், அதில் ஒரு சிவப்புத் துண்டு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதன்மேல் பணியற்ற நேரம் என்று எழுதியிருந்தது. பதினோரு பேர் செய்கிற வேலையை ஏழு பேர் செய்யலாம் என்று அடுத்த படம் சொன்னது. அதற்கு அடுத்ததில் நன்றி. அதில் ரிஜிஸ்டர் அக்காவின் போட்டோ, வில்லையோடு. எல்லோரும் கை தட்டினார்கள். ஆயாக்களும் தட்டினார்கள், அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அக்கா மட்டும் தட்டவில்லை.

மேஜைக்கு வந்த அறிக்கையை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தாள். கடைசியில், முறை என்ற தலைப்பின் கீழே இப்படி இருந்தது: "பணியாளர்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் வழியாகத் தகவல் திரட்டப்பட்டது. இதனால் தற்காப்பு நோக்கிலான பதில்கள் பெருமளவு தவிர்க்கப்பட்டன." இரண்டாம் தடவை படித்தபோதுதான் அந்த ஒருவர் தான்தான் என்று அவளுக்கு உறைத்தது. சித்தியாவது சிரிப்பாவது. உள்ளே நுழைய ஒரு கதவு தேவைப்பட்டது, அவள் திறந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள். பின்னிணைப்பில் அவள் எழுதிய தாள்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. சும்மா என்று வந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு அடித்திருந்தது. அதிகம் சிவந்திருந்த தாள் நாத்தனாருடையது. ரேடியோ ஆயாவின் தாளில் சிவப்புப் பொட்டுகூட இல்லை. நிறுத்தப்போகிற நாலு பேரின் பட்டியலும் கூடவே இருந்தது, அதில் நாத்தனாரும் ஒருத்தி.

பதினஞ்சு நிமிஷம் அன்று மதியமே சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வேறொரு ஆஸ்பத்திரி. அவள் போய் அவன் எதிரே நின்றாள்.

"தம்பி, உனக்குத் தமிழ் தெரியும்ல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன அக்கா இப்படிக் கேக்கறீங்க?"

"சும்மான்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் கம்ப்யூட்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம், "தெரியும் அக்கா. ஆனா எங்க பட்டியல்ல மொத்தம் பதினோரு கட்டம். சுத்தம் பண்றது, நோயாளியை நகர்த்தறது, சாமான் எடுத்துட்டு வர்றது, இப்படி. சும்மாவுக்குக் கட்டம் இல்ல. எதுலயும் சேராதது கடைசிக் கட்டத்துக்குத்தான் போகும். அதுக்குப் பேர் பணியற்ற நேரம். நான் வச்ச பேர் இல்ல அக்கா அது" என்றான்.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னியே."

"பாத்தேன். எங்க மேலதிகாரிகிட்ட சொன்னேன். கட்டத்தை மாத்தினா மத்த ஆஸ்பத்திரியோட ஒப்பிட முடியாதுன்னுட்டாரு."

"ரெண்டு வாரம் என் மேஜைக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தியே, அதை உன் தாள்ல என்னன்னு எழுதின?"

அவன் முகம் சிவந்தது. பொய் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவன்தான். "கள ஆய்வுன்னு எழுதினேன் அக்கா" என்றான்.

அவள் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அழுகை முந்திக்கொண்டு வந்தது, அவன் முன்னால் அழக்கூடாது என்று திரும்பி வந்துவிட்டாள். அன்று அவள் கொண்டு வந்த டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புதுத் தாளில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள். எந்தச் சும்மா எந்த வேலை என்று ஒவ்வொன்றுக்கும் விவரம். மணிக்கட்டு, பஸ், சிறுநீர்ப் பை, நடுங்கிய பெண், குளிர் என்று சொன்ன கிழவருக்கு மூடிய ஜன்னல். அவளுக்கு நல்ல ஞாபகசக்தி, ஒன்றையும் விடவில்லை. திங்கட்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள்.

அவர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். ஐந்து பக்கத்தையும் புரட்டினார். "அம்மா, இது நல்ல எண்ணத்துல எழுதினது. எனக்குப் புரியுது. ஆனா ஆட்குறைப்புப் பட்டியல் வந்த பிறகு எழுதினது. அதுவும் அதுல ஒருத்தர் உங்க சொந்தக்காரர்" என்றார்.

"நான் பொய் எழுத மாட்டேன் சார். இருபத்து நாலு வருஷமா பாருங்க, என் ரிஜிஸ்டர்ல ஒரு அடித்தல் இருக்காது."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் அவர். "நிர்வாகக் குழுல ஒருத்தர், ஆயாங்க சொன்னதை எப்படி நம்பறதுன்னு கேட்டாரு. எழுதினது ரிஜிஸ்டர் அக்கா, அவங்க திருத்தி எழுதற ஆளே இல்லன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் ஒரு கேள்வி கேக்கல. இப்ப நீங்களே வந்து திருத்தினா நல்லாவா இருக்கும்?"

அவள் தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எதைத் தன் பலம் என்று இத்தனை வருஷம் சுமந்தாளோ, அதை வைத்தே அவர் கதவைச் சாத்திவிட்டார். வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வில்லையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். அதனால் யாருக்கு என்ன.

மாசக் கடைசியில் நாலு ஆயாக்கள் போனார்கள். நாத்தனார் தன் அலமாரியில் இருந்த டம்ளரையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். ஏழாம் படுக்கைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். அண்ணியிடம், "வரேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

இதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பெரிதாக ஏதோ நடந்து, எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு ஆயாக்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தரை துடைத்தபடிதான் இருந்தது. படுக்கை விரிப்புகள் மாறின. ரேடியோ ஆயா மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், ஓடவே நேரம் சரியாக இருந்தது. ஊசியைப் பிடுங்குகிற நோயாளிகளின் கையைப் பஞ்சு வைத்துத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். வலிக்காது, சிவக்காது, மென்மையான துணிதான். அதற்கு ஆள் தேவையில்லை. முடிச்சுப் போட ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடத்துக்குப் பட்டியலில் ஒரு கட்டமும் இருந்தது. ஒரு பாட்டி மட்டும் கட்டிய கையை இழுத்துப் பார்த்துவிட்டு, நான் என்ன தப்பு பண்ணினேன் என்று போகிற வருகிற எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே ரிஜிஸ்டர் எழுதினாள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வருகிற அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருந்தது.

நாத்தனார் இரண்டு மாசம் அலைந்தாள். மருந்துக் கடை, பள்ளிக்கூடம், துணி தேய்க்கிற இடம். ஐம்பது வயதைத் தொடப்போகிறவளுக்கு யார் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் தலைவலி என்றாள். அப்புறம் ஒரு நாள் அண்ணனிடம் வந்து சேதி சொன்னாள். வேறொரு ஊரில் பெண்கள் விடுதியில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம், அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம், அறையைக் காலி செய்யப் போகிறாளாம்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் அறைக்குப் போனாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"எதுக்கு இந்த வயசுல முன்னப்பின்னத் தெரியாத ஊரு? நம்ம வீட்டுக்கு வா" என்றாள் அக்கா. "உன் அண்ணன் வீடுதானே. நான் ஏதாவது சொல்லுவேன்னு நினைக்கிறியா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க அண்ணி. எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"நாலு மாசம் இருந்து பாத்தேன்ல. இன்னொரு தடவை என்னால முடியாது." ஒரு தட்டைச் சுற்றி ஓரமாக வைத்தாள்.

அக்கா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு மாசமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே வந்தது. அந்தப் பையன் ஏமாற்றியது, டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுத்தது, அதிகாரி அவள் பெயரைச் சொல்லியே அவள் வாயை அடைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். "என்னை நம்ப வச்சு மோசம் பண்ணிட்டாங்க. நீ சொன்னதை அப்படியே எழுதினேன், ஒரு எழுத்து மாத்தல. அதைக் கொண்டு போய் உனக்கே கொள்ளி வச்சுட்டாங்க" என்று அழுதாள்.

நாத்தனார் அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தாள். கோபமாகப் பேசவில்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அவங்க யாரோ அண்ணி. அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நான் படிக்காதவ, வாய்ல வந்ததைச் சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்க. நான் அவர் கையப் பிடிச்சுட்டு இருந்ததைப் பாத்தீங்க. நீங்களே வாய் விட்டுச் சொன்னீங்க, கையப் பிடிச்சுட்டு இருக்கியேன்னு. கண்ணால பாத்ததை விட்டுட்டு, நான் சொன்னதை எதுக்கு எழுதினீங்க?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். தாளில் அப்படித்தான் கேட்டிருந்தது, அவர்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாத்தனார் அடுத்த பாத்திரத்தை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அக்கா உதவிக்கு ஒரு டம்ளரை எடுத்தாள். "இருக்கட்டும் அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட அண்ணன் மட்டும் போனார். அண்ணி வர வேண்டாம் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.